பழைய வீடு வாங்க முன்: விரிசலைப் பார்க்க முதல் வாரிசுகளைப் பாருங்கள்

கொழும்பில் வீடு தேடும் நமது குடும்பங்கள் இன்றும் பழைய இடங்களையே அதிகம் விரும்புகின்றன. மருதானை, வாழைத்தோட்டம், புதுக்கடை, மாளிகாவத்தை, தெமட்டகொடை, கொம்பனித்தெரு, வெள்ளவத்தை, தெஹிவளை என்று இடம் மாறினாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான். நடந்துபோகும் தூரத்தில் பள்ளிவாசல் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பாடசாலையும் மத்ரஸாவும் கிட்ட இருக்க வேண்டும், உம்மா வாப்பாவை விட்டுத் தூரம் போகக்கூடாது. இந்த இடங்களில் வெறுங்காணி கிடைப்பதில்லை. கிடைப்பது ஐம்பது, எண்பது, சில வேளை நூறு வருடப் பழமையுள்ள வீடுகள்.

அப்படியொரு வீடு விலைக்கு வந்தால் நம்மவர்கள் முதலில் செய்வது தெரிந்த மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதுதான். அவரும் சுவரைத் தட்டிப் பார்த்து, கூரையை அண்ணாந்து பார்த்து, “இத்தனை லட்சம் செலவாகும் ஹாஜி” என்பார். அந்தத் தொகையைக் கழித்துப் பேரம் பேசி, முற்பணமும் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் உறுதியைச் சட்டத்தரணியிடம் கொண்டுபோகிறோம். வரிசை தலைகீழாக இருக்கிறது. ஓடு மாற்றலாம், சுவர் பூசலாம், வயர் இழுக்கலாம். விற்றவரின் தங்கை ஒருவர் ஐந்து வருடம் கழித்து வழக்குப் போட்டால் எந்த பாஸும் அதைத் திருத்தித் தர முடியாது.

உறுதியில் இருக்கும் பெயரும் வீட்டில் இருக்கும் ஆளும்

பழைய வீடுகளில் பரவலாகக் காணப்படும் நிலை இது. உறுதி வாப்பாவின் பெயரில் இருக்கிறது. வாப்பா மௌத்தாகி இருபது வருடம். மூத்த மகன் அந்த வீட்டிலேயே வாழ்ந்து, மாநகர சபை வரியும் கட்டி வருகிறார். அவர்தான் இப்போது விற்கிறார். மரணசாதன வழக்கு எதுவும் நடக்கவில்லை. “தங்கச்சிமாருக்கெல்லாம் கலியாணத்தோட குடுத்துட்டோம், அவங்களுக்கு இதுல ஒண்டுமில்ல” என்கிறார்.

1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற உரிமை பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாதனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படியே பிரிகிறது. ஆகவே பராயிழ் கணக்கு நமது மார்க்க விடயம் மட்டுமல்ல, நாட்டின் நீதிமன்றம் ஏற்கும் கணக்கும் அதுவே. இறந்தவர் மனைவியையும் இரண்டு ஆண் மக்களையும் மூன்று பெண் மக்களையும் விட்டுச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 1/8. மிகுதி 7/8 பங்கை ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தால் ஒவ்வொரு மகளுக்கும் 1/8, ஒவ்வொரு மகனுக்கும் 2/8. அதாவது வீட்டை விற்க வந்திருக்கும் மூத்த மகனுக்குச் சொந்தமானது கால்வாசி. முக்கால்வாசி அவருடையதல்ல.

இத்துடன் முடியாது. மகள்மாரில் ஒருவர், உம்மா உயிருடன் இருக்கும்போதே, கணவனையும் ஒரு மகனையும் விட்டு மௌத்தாகியிருந்தால் அவருடைய 1/8 மீண்டும் உடைகிறது. அதில் கணவனுக்கு 1/4, உம்மாவுக்கு 1/6, மிகுதி 7/12 மகனுக்கு. முழு வீட்டில் பார்த்தால் அந்தப் பையனின் பங்கு 7/96. அவன் பதினெட்டு வயதை அடையாதவன் என்றால் அந்தப் பங்கை விற்க மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். தகப்பன் கையெழுத்து வைத்தால் போதும் என்று தரகர் சொல்வதை நம்ப வேண்டாம்.

“முப்பது வருசமா நான்தானே இருக்கேன், பத்து வருசம் போனா சொந்தம்தானே” என்ற வாதமும் வரும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருடக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது பங்காளிகளுக்கிடையில் அப்படியே பொருந்தாது. ஒரு கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி குடியிருப்பது மற்றப் பங்காளிகளுக்காகவும் இருப்பதாகவே சட்டம் கருதுகிறது என்பதை பிரிவி கவுன்ஸில் நூறு வருடங்களுக்கு முன்பே கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கில் தீர்த்துவிட்டது. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்களும் அறியும்படி ஆட்சி செய்ததை நிரூபித்தால்தான் அந்த வாதம் நிற்கும். வரிப் பற்றுச்சீட்டு வைத்திருப்பது அதற்குப் போதாது. மாநகர சபையின் வரி இடாப்பில் பெயர் இருப்பதும் உரித்துக்கு அத்தாட்சி அல்ல.

ஆகவே இத்தகைய வீட்டைப் பார்க்கப் போனால் முதல் கேள்வி “எத்தனை பேர்ச்?” என்பதாக இருக்கக் கூடாது. “வாப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று கேளுங்கள். இறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்து வாரிசு மரம் ஒன்றைச் சட்டத்தரணியுடன் உட்கார்ந்து வரையுங்கள். முதல் தாரம், இரண்டாம் தாரம் என்று ஏதும் உண்டா என்பதைக் கூச்சப்படாமல் விசாரியுங்கள். மஹல்லாவில் வயதானவர்களுக்கு இவை தெரிந்திருக்கும். பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதம் விசாரணைக்கு உதவும். அது உரித்தைத் தராது.

சகோதரிகள் விடயத்தில் இன்னும் ஒன்று. கையெழுத்து வாங்குவது கஷ்டமில்லை. நானா சொன்னால் தங்கை வைத்துவிடுவாள். ஆனால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் அவளுக்கு ஒரு சதமும் போய்ச் சேரவில்லை என்றால், நீங்கள் வாங்கியது எதை என்று யோசித்துப் பாருங்கள். ஸூரத்துன் நிஸாவில் அளவு குறித்துக் கொடுக்கப்பட்ட பங்கு அது. வாங்குபவரால் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு: எல்லா வாரிசுகளையும் விற்பவர்களாக உறுதியில் சேர்த்து, ஒவ்வொருவரின் பங்குக்கும் அவரவர் பெயரிலேயே தனிக் காசோலை கொடுப்பது. மூத்தவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு “அவர் பார்த்துக்கொள்வார்” என்று ஒதுங்குவதை விட இது சட்டத்துக்கும் பாதுகாப்பு, மனசுக்கும் ஆறுதல். இதற்கு விற்பவர் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பே உங்களுக்குத் தேவையான தகவல்.

நன்கொடை, சீவிய உரித்து, வக்பு

உம்மா வாப்பா உயிருடன் இருக்கும்போதே பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்த வீடுகளும் நிறைய. இங்கே இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் தமது சீவிய உரித்தை வைத்துக்கொண்டாரா என்பது ஒன்று. அப்படியானால் அவர் உயிருடன் இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை அவருடையது. அவரும் கையெழுத்திட வேண்டும். மற்றது, நன்கொடை மீளப்பெற முடியாதது என்று உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்பது. முஸ்லிம் ஒருவரின் நன்கொடை உறுதியில் அப்படி வெளிப்படையாக எழுதப்படாவிட்டால் அது மீளப்பெற முடியாததாகக் கருதப்படமாட்டாது என்பது அதே 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலைப்பாடு. நன்கொடையாளர் ஹயாத்தோடு இருந்தால் அவரையும் உறுதியில் சேர்த்துக்கொள்வதே புத்தி. சீதனமாக “வாயால் கொடுத்த” வீடு என்றால் விடயம் வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்ட உறுதி வேண்டும். வாய் வார்த்தையில் வந்த வீடு இன்னும் கொடுத்தவரின் பெயரிலேயே, அல்லது அவரது வாரிசுகளின் பெயரிலேயே இருக்கிறது.

கொழும்பின் பழைய சோனகக் குடும்பங்களின் உறுதிகளில் இன்னொரு பூட்டும் உண்டு. “பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கலாம், விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது” என்று எழுதி வைப்பார்கள். ரோமன் டச்சுச் சட்டத்தில் இதற்கு பிடெய்கொமிஸம் என்று பெயர். 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இந்த ஏற்பாட்டை ஒழித்தது. ஆனாலும் 1972இல் அந்த வீடு யார் கையில் இருந்தது, அவர் எந்த உரிமையில் இருந்தார் என்பதிலிருந்தே பிந்திய உரித்து முழுவதும் தொங்குகிறது. வழமையான முப்பது வருடத் தேடுதல் இப்படிப்பட்ட உறுதிக்குப் போதாது. இன்னும் பின்னுக்குப் போகச் சொல்லுங்கள்.

பள்ளிவாசலை ஒட்டிய வீடுகளில் வக்பு பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சில வீடுகளில் கட்டடம் ஒருவருக்கும் நிலம் பள்ளிக்கும் சொந்தமாக இருக்கும். மாதாமாதம் சிறு தொகை நிலவாடகை போய்க்கொண்டிருக்கும். தலைமுறை கடந்ததும் பிள்ளைகள் அதைச் சொந்தக் காணி என்றே நினைத்து விற்க வருவார்கள். பொய் சொல்கிறார்கள் என்றுகூட இல்லை, அவர்களுக்கே தெரியாது. வக்புச் சொத்துகள் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கப் பள்ளிவாசல்கள், வக்புகள் சட்டத்தின் கீழ் வக்பு சபையின் கட்டுப்பாட்டில் வருபவை. முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்திலும், அந்தப் பள்ளியின் நம்பிக்கையாளர் சபையிடமும் விசாரித்துவிட்டு அடுத்த அடியை வையுங்கள்.

அற்றோணித் தத்துவத்துடன் வருபவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. சொந்தக்காரர் கட்டாரில், லண்டனில், அவுஸ்திரேலியாவில் என்பார்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்த கணமே அந்தப் பத்திரம் செல்லாது. இன்றைக்கு வீடியோ அழைப்பு ஒன்று எடுத்துப் பேசுவது பெரிய காரியமா?

உள்ளே இருப்பவர் யார்?

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற பழைய வாடகைக் குடியிருப்பாளர்கள் கொழும்பில் இன்னும் இருக்கிறார்கள். வாடகைக்காரர் மௌத்தானால் அவரோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கு அந்த உரிமை தொடர இடமுண்டு. அப்படிப்பட்டவர் குடியிருக்கும்போதே வீட்டை வாங்கியவர், “எனக்குக் குடியிருக்கத் தேவை” என்ற காரணத்தைக் காட்டி வழக்குப் போட்டு எழுப்பிவிடவும் முடியாது. “நீங்க வாங்குங்க, அவங்க ஒரு மாசத்துல போயிடுவாங்க” என்பது கொழும்பில் மிகப் பழைய பொய். வீட்டை வெறுமையாக, சாவியோடு கையில் தந்த பின்பே மிகுதிப் பணம் என்று விற்பனை உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

வரிசை வீடுகள் என்றால் 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு உச்சவரம்புச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். அளவுக்கு மேல் வீடுகள் வைத்திருந்தவர்களின் மேலதிக வீடுகள் அன்று அரசுக்குப் போயின. ஒரே சொந்தக்காரர் பத்து வீடு கட்டி வாடகைக்கு விட்ட ஒழுங்கைகளில் இந்தச் சட்டத்தின் வடு இருக்கும். காணிச் சுவீகரிப்பும் அப்படித்தான். கொம்பனித்தெரு மியூஸ் வீதி வீடுகள் 2010 மே மாதத்தில் உடைக்கப்பட்டதை நமது சமூகம் மறந்திருக்காது. நீங்கள் பார்க்கும் வீடு எந்தத் திட்டத்துக்காகவாவது அடையாளமிடப்பட்டுள்ளதா என்பதை நகர அபிவிருத்தி அதிகார சபையிலும், சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழையும் தெருக்கோட்டுச் சான்றிதழையும் மாநகர சபையிலும் பெறுங்கள். தெருக்கோடு உங்கள் முன் அறையின் நடுவால் ஓடினால், இன்று வீடு நிற்கும். நாளை உடைத்துக் கட்டும்போது அந்தப் பகுதியில் கட்ட முடியாது. 4 பேர்ச் வீட்டில் 1 பேர்ச் போனால் கால்வாசி போனது போல.

காணிப் பதிவகத்தின் ஏட்டில் ஈடு, எச்சரிக்கை அறிவித்தல், நிலுவையில் உள்ள வழக்கு என்பவற்றைச் சட்டத்தரணி தேடுவார். பாகப்பிரிவினை வழக்கு ஒன்று பதியப்பட்டிருந்தால் அது முடியும்வரை அந்தக் காணியை எழுதி வாங்குவது வீண் வேலை. நொத்தாரிசை நீங்களே தெரிவுசெய்து, கட்டணத்தையும் நீங்களே கொடுங்கள். தரகர் கூட்டிவரும் நொத்தாரிசு, விற்பவருக்கும் வேலை செய்யும் நொத்தாரிசு இரண்டும் வேண்டாம்.

பிறகு நில அளவை. உறுதியில் 5.5 பேர்ச் என்றிருக்கும், நிலத்தில் 4.8 இருக்கும். 1 பேர்ச் என்பது 272.25 சதுர அடி. அரைப் பேர்ச் குறைந்தால் ஓர் அறை குறைந்தது. அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து பழைய பிளானுடன் ஒப்பிடுங்கள். அயல் வீட்டின் கூரை உங்கள் பக்கம் நீட்டியிருக்கலாம், உங்கள் சமையலறை அவர்கள் காணியில் இருக்கலாம். ஒழுங்கை வழியாகப் போகும் வீடு என்றால், அந்தப் பாதை உரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பழக்கத்தில் நடப்பது போதாது. ஒழுங்கையின் அகலத்தையும் அளந்து பாருங்கள். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு திரும்ப முடியாத வளைவுகள் கொழும்பு 12இல் உண்டு. அம்புலன்ஸ் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இனி பாஸைக் கூப்பிடலாம்

பழைய கொழும்பு வீடுகளின் சுவர் அநேகமாக கபொக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தடிப்பான சுவர், உள்ளே குளிர்ச்சி. ஆனால் அது ஓட்டுக் கூரையைச் சுமக்கக் கட்டப்பட்டது. அதன் மேல் சிலேப் போட்டு மாடி எழுப்பியிருந்தால், அந்த மாடிக்கு அனுமதிபெற்ற வரைபடம் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரின் அபிப்பிராயம் இல்லாமல் வாங்காதீர்கள். மாடி எழுப்பலாம் என்ற கனவோடு வாங்குபவர்களுக்கும் இதே பதில்தான்: பெரும்பாலும் புதிய தூண்கள் கீழிருந்து எழுப்ப வேண்டிவரும், செலவு புது வீட்டுக்குக் கிட்ட வரும்.

எல்லா விரிசலும் பயப்பட வேண்டியதல்ல. மயிரிழை போலப் பூச்சில் ஓடுவது சாதாரணம். கதவு, யன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சாய்வாக ஏறுவதும், நாணயம் நுழையும் அகலமுள்ளதும் அத்திவாரம் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். பக்கத்தில் தொடர்மாடி கட்டப் பைலிங் அடித்த இடங்களில், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கங்களில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று கொங்கிரீட்டுக்குள் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சிலேப்பின் அடிப்பக்கம் வெடித்துத் துருக் கறை தெரிந்தால் பூச்சு வேலையால் அது தீராது.

ஈரம்தான் பழைய வீட்டின் நிரந்தர நோய். நிலத்திலிருந்து சுவரில் மூன்றடி, நான்கடி ஏறி நிற்கும். அந்த உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், டைல் ஒட்டியிருந்தால், அல்லது விற்க வந்த வீட்டில் பெரிய அலுமாரி ஒன்று வெளிச்சுவரோடு ஒட்டி நின்றால், நகர்த்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்துப் பூச்சுப் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். பழைய பூச்சைச் சுரண்டி மீண்டும் சுண்ணாம்பு பூசத் தெரிந்த பாஸ்மார் இப்போது குறைவு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கூரையைப் பட்டப் பகலில் உள்ளிருந்து பாருங்கள். வெளிச்சப் புள்ளிகள் ஒழுக்கைக் காட்டிக்கொடுக்கும். ஓடு மாற்றுவது சுலபம். வளையும் கைமரமும் சுவருக்குள் புகும் முனையில்தான் கறையானும் உக்கலும் தொடங்கும். ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பார்த்தால் நல்ல தேக்கு, முதிரை இடம் கொடுக்காது. வரிசை வீடுகளில் இரண்டு கூரைகளுக்கும் நடுவே ஓடும் பீலி யாருடையது, பொதுச் சுவர் யாருடையது என்பதை அயலவரிடமே கேளுங்கள். அவர் நாளைக்குத் தன் வீட்டை உடைத்தால் உங்கள் சுவர் மழைக்கு வெளியில் நிற்கும்.

மின்சாரத்துக்குப் பொறுப்பான எலெக்ட்ரிஷன் ஒருவர் போதும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத, எர்த் இல்லாத பழைய வயரிங் என்றால் முழுவதும் மாற்றச் செலவு வைத்துக்கொள்ளுங்கள், அதில் பேரம் பேச வேண்டாம். தண்ணீர் மீற்றரும் மின் மீற்றரும் அந்த வீட்டுக்கே தனியாக உண்டா, பக்கத்து வீட்டோடு பங்கா என்று பாருங்கள். மலசலகூடக் கழிவு மாநகரக் குழாயில் சேருகிறதா, பின்வளவுக் குழியில் விழுகிறதா என்பதற்கு விற்பவரின் பதிலை நம்பாமல் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.

வீட்டை ஒரு தடவை மட்டும் போய்ப் பார்க்காதீர்கள். அடைமழை பெய்யும் இரவில் ஒரு தடவை, பாடசாலை விடும் நேரம் ஒரு தடவை, ஜும்ஆ முடியும் நேரம் ஒரு தடவை போங்கள். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் களனி கங்கை நீர் எந்த உயரத்துக்கு வந்தது என்பதை அங்குள்ள சில்லறைக் கடைக்காரர் கையால் காட்டுவார். விற்பவருக்கு அது மறந்திருக்கும்.

கடைசியாகக் காசு

விலைக்கு மேல் முத்திரை வரியும் உண்டு. விற்பனை உறுதிக்கு முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபா வீட்டுக்கு 399,000 ரூபா. வாங்குபவரே கட்ட வேண்டும். இதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. முத்திரை வரி சந்தைப் பெறுமதிக்கே கணக்கிடப்படுவதால் பின்னர் மிகுதியைக் கேட்டுக் கடிதம் வரலாம். உரித்தில் சிக்கல் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாள் வந்தால், உறுதியில் எழுதிய தொகைதான் நீங்கள் கொடுத்ததற்கு அத்தாட்சி. மிச்சத்தைக் கையில் வாங்கியவர் அன்றைக்கு ஞாபகம் வைத்திருப்பாரா?

வட்டியைத் தவிர்க்க விரும்பி இஸ்லாமிய வங்கிச் சேவையில் குறைந்து செல்லும் முஷாரகா போன்ற முறைகளை நாடுபவர்களுக்கு ஒரு நன்மை: வங்கியும் பங்காளியாவதால் அதன் சட்டத்தரணிகளும் உறுதியைத் துருவிப் பார்ப்பார்கள். வங்கி மறுத்த வீட்டை “ரொக்கத்துக்கு மட்டும்” என்று மலிவாகத் தருகிறார்கள் என்றால், வங்கி ஏன் மறுத்தது என்பதை அறியாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

கையெழுத்தான உறுதியை உடனே காணிப் பதிவகத்தில் பதியச் செய்யுங்கள். ஒரே காணியை இருவருக்கு எழுதினால், மோசடியில்லாமல் முந்திப் பதிந்தவருக்கே 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் முன்னுரிமை தருகிறது. அதன் பிறகு மாநகர சபை இடாப்பு, தண்ணீர், மின்சாரக் கணக்குகளில் பெயர் மாற்றம். பழைய உறுதிகள், பிளான்கள், வரிப் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றினதும் மூலப் பிரதிகளை விற்றவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றில் ஏதாவது வேறொரு காணிக்கும் பொதுவான உறுதி என்று அவர் வைத்துக்கொள்ள விரும்பினால், நொத்தாரிசு உறுதிப்படுத்திய பிரதியாவது உங்கள் அலுமாரியில் இருக்க வேண்டும்.